இரண்டு இறாத்தல் துண்டுத் துணி: எலிசபெத் பிறை அம்மையார் (1780 – 1845)

நூற்றாண்டு மலருக்காக உலகறிந்த பெண்மணி ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது எங்கள் வகுப்பினர் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. ரொறன்ரோவில் இருப்பவர், சிட்னியில் இருப்பவர், கிளிநொச்சியிலேயே ஆசிரியையாக இருப்பவர் என்று யாரைக் கேட்டாலும் வந்த பெயர் ஒன்றுதான். மனையியல் ரீச்சரின் தையல் பாடத்தில் நாங்கள் கேட்ட பெயர் அது.

1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது நாங்கள் எட்டாம் ஆண்டு மாணவிகள். அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சிதறிப்போன குடும்பங்களின் பிள்ளைகள் மரநிழலிலும் கிடுகுக் கொட்டில்களிலும் மீண்டும் படிக்கத் தொடங்கிய காலம். சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு, துணிக்கும் அப்படியே. அக்காவின் சட்டை தங்கைக்கு வரும். தங்கையிடம் அது கிழிந்தால் அடுப்படிக் கரித்துணியாகும். அப்படியான நாளில் தையல் பாடத்துக்குத் துணிக்கு எங்கே போவது? ரீச்சர் சந்தையடித் தையற்காரர்களிடம் சொல்லிவைத்து, வெட்டித் தள்ளிய துண்டுகளை உரப்பையில் சேர்த்துக்கொண்டு வந்தார். பழைய கொப்பி மட்டையில் நான்கு அங்குலச் சதுரம் வெட்டி அளவு வைத்தோம். சீத்தைத் துண்டு, சீருடையின் வெள்ளைத் துண்டு, யாரோ ஒருவரின் கலியாணச் சட்டையில் மிஞ்சிய பட்டுத் துண்டு எல்லாம் பக்கம் பக்கமாய் வந்து சேர்ந்தன. நாங்கள் கை ஊசியால் தைத்துக்கொண்டிருக்க, ரீச்சர் சொன்னதுதான் எலிசபெத் பிறையின் கதை. பிறை என்றதும் வானத்துப் பிறையைத்தான் நினைத்தோம். அது ஆங்கிலக் குடும்பப் பெயர் என்று அவர் விளக்க வேண்டியிருந்தது.

அன்று ஒரு பாட நேரத்தில் கேட்ட கதையை இன்று வளர்ந்தவர்களாக, தேடிப் படித்து, இங்கே தருகிறோம்.

இளமையும் இல்லறமும்

எலிசபெத் 1780 மே 21 ஆம் திகதி இங்கிலாந்தின் நோரிச் நகரில் பிறந்தார். தந்தை ஜோன் கேர்ணி கம்பளி வணிகத்திலும் வங்கித் தொழிலிலும் செழித்த குடும்பத்தவர். தாயார் கத்தரீன், பார்க்ளே வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். எலிசபெத்துக்குப் பன்னிரண்டு வயதானபோது தாயார் காலமானார். ஏர்ள்ஹாம் என்ற பெரிய வீட்டில் உடன்பிறந்தோர் பலருடன் அவர் வளர்ந்தார்.

அவர்கள் குவேக்கர் எனப்படும் நண்பர்கள் சபையைச் சேர்ந்தவர்கள். அச்சபையில் சம்பளம் பெறும் குருமார் இல்லை. கூட்டத்தில் ஆணும் எழுந்து பேசலாம், பெண்ணும் எழுந்து பேசலாம். பெண் வாய்திறப்பதே குற்றமாயிருந்த அக்காலத்தில் இந்த ஒரு வழக்கம் பின்னாளில் எலிசபெத்துக்குப் பெரும் துணையாயிற்று. 1798 இல், பதினெட்டாவது வயதில், அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சேவரி என்ற போதகரின் உரையைக் கேட்டு அவர் மனம் மாறினார். நிற நிறமான உடைகளை விட்டு எளிய உடைக்கு வந்தார். அயலிலுள்ள ஏழைப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் படிப்பித்தார்.

1800 இல் ஜோசப் பிறை என்பவரை மணந்து லண்டனுக்கு வந்தார். கணவர் தேயிலை வணிகமும் வங்கியும் நடத்தியவர். பதினொரு பிள்ளைகள் பிறந்தனர். பிள்ளைப்பேறு, வீட்டு விருந்தினர், சபைக் கடமைகள் என்று ஆண்டுகள் ஓடின. தன் வாழ்வு பயனின்றிக் கழிகிறதே என்ற ஏக்கம் அக்காலத்து நாட்குறிப்புகளில் அவரைத் தொடர்கிறது. வீட்டையும் வேலையையும் ஒன்றாகச் சுமக்கும் எம் தோழியருக்கு இது புதிதாக இருக்காது.

நியூகேற் சிறைச்சாலை

1813 இல் ஸ்ரீபன் கிறெலே என்ற குவேக்கர் போதகர் லண்டன் நியூகேற் சிறையின் பெண்கள் பகுதியைப் பார்த்துவிட்டு, நேரே எலிசபெத்திடம் வந்தார். பச்சைக் குழந்தைகள் உடுப்பின்றிக் குளிரில் கிடப்பதாகச் சொன்னார். எலிசபெத் உடனே தெரிந்த பெண்களைக் கூட்டிக் குழந்தைச் சட்டைகள் தைத்தார். அவற்றை எடுத்துக்கொண்டு தாமே சிறைக்குப் போனார்.

அங்கே முந்நூறு வரையான பெண்கள், குழந்தைகளோடு, ஒரு சில அறைகளில் அடைக்கப்பட்டிருந்தார்கள். விசாரணை முடியாதவர், சிறு களவு செய்தவர், தூக்குத் தண்டனை பெற்றவர் எல்லோரும் ஒரே இடத்தில். சமைப்பது, துவைப்பது, உறங்குவது எல்லாம் அதே தரையில். காவலாளர்களே உள்ளே போக அஞ்சினார்கள். எலிசபெத் உடுப்புகளைக் கொடுத்தார், நோயுற்றோர் படுக்க வைக்கோல் கொடுத்தார், அவர்களோடு சேர்ந்து வழிபட்டார். பின்னர் வீடு திரும்பினார்.

அடுத்த மூன்றாண்டுகளுக்கு மேல் அவர் அங்கே போகவில்லை. குடும்பத்தில் பணமுடை வந்தது, மேலும் பிள்ளைகள் பிறந்தார்கள், 1815 இல் நான்கு வயது மகள் இறந்துபோனாள். கொடுத்த உடுப்புகள் கிழிந்திருக்கும். குழந்தைகள் வளர்ந்திருப்பார்கள் அல்லது இறந்திருப்பார்கள். சிறை மட்டும் முன்போலவே இருந்தது. அவருடைய வாழ்க்கையை எழுதும் பலர் இந்த இடைவெளியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நாங்கள் இதைச் சற்று நின்று பார்க்கிறோம். காரணத்தைக் கடைசியில் சொல்வோம்.

1816 ஆம் ஆண்டின் முடிவில், மகளைப் பறிகொடுத்த தாயாக, அவர் மீண்டும் நியூகேற்றுக்குப் போனார். இம்முறை தொடங்கிய விதம் வேறு. ஒரு கைதியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இந்தப் பிள்ளைகளுக்காக நாம் சேர்ந்து என்ன செய்யலாம் என்று தாய்மாரைக் கேட்டார். பள்ளிக்கூடம் வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஆசிரியையையும் கைதிகளே தெரிந்தார்கள். கைக்கடிகாரம் திருடிய குற்றத்துக்காகச் சிறைக்கு வந்த, படித்த இளம்பெண் மேரி கொனர்தான் முதல் ஆசிரியை. வெறுமையாயிருந்த ஓர் அறை வகுப்பறையாயிற்று.

பிள்ளைகள் படிப்பதைக் கண்ட தாய்மார் தாங்களும் வேலை பழக விரும்பினார்கள். இங்கேதான் அதிகாரிகள் தலையசைக்க மறுத்தார்கள். கொடுக்கும் துணியைக் களவெடுப்பார்கள், அல்லது கிழித்தெறிவார்கள் என்பது அவர்களது கணிப்பு. எலிசபெத் 1817 இல் பத்துப் பன்னிரண்டு பெண்களைக் கொண்ட ஒரு சங்கத்தை அமைத்தார். ஒவ்வொரு நாளும் அவர்களில் ஒருவராவது சிறைக்குப் போவது என்று ஏற்பாடு. குடிக்கக்கூடாது, சூதாடக்கூடாது, தகாத சொல் பேசக்கூடாது என்று விதிகள் வரையப்பட்டன. ஒவ்வொரு விதியையும் கைதிகள் முன் வாசித்து, அவர்கள் கை உயர்த்தி ஏற்ற பின்னரே அது விதியாயிற்று. சிறு குழுக்களாகப் பிரிந்த பெண்கள் தங்கள் தலைவியரையும் தாங்களே தெரிவு செய்தார்கள்.

இன்னொன்றும் செய்தார். தைத்ததை வாங்க ஆள் வேண்டுமல்லவா? அவுஸ்திரேலியக் குடியேற்றத்துக்கு உடைகள் வழங்கிவந்த லண்டன் வணிகரிடம் போய், உங்கள் வியாபாரத்தில் ஒரு பகுதியை எம் பெண்களுக்கு விட்டுத்தாருங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். அவர்கள் இணங்கினார்கள். களவெடுப்பார்கள் என்று சொன்ன அதிகாரிகள் சில மாதங்களில் வந்து பார்த்தபோது, பெண்கள் வரிசையாக இருந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். 1818 இல் சிறைகள் பற்றி ஆராய்ந்த பாராளுமன்றக் குழு எலிசபெத்தை அழைத்துச் சாட்சியம் கேட்டது. ஒரு பெண் அவ்வாறு அழைக்கப்படுவது அக்காலத்தில் கேள்விப்படாத விடயம்.

கப்பல்களும் துணிப்பைகளும்

அக்காலத்தில் பிரித்தானியா தன் கைதிகளை அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் நாடுகடத்தியது. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு பெண்கள் பகுதியில் கண்ணாடிகள் உடையும், தளபாடங்கள் எரியும். மறுநாள் விலங்கிட்டுத் திறந்த வண்டிகளில் ஏற்றிச் செல்வார்கள். வீதியில் நிற்பவர்கள் சேறெறிவார்கள். 1818 இல் எலிசபெத் சிறைத் தலைமையாளரிடம் மன்றாடி மூடிய வண்டிகளை ஏற்பாடு செய்தார். அவ்வண்டிகளின் பின்னே தாமும் தம் வண்டியில் துறைமுகம்வரை போனார். அந்த இரவு கண்ணாடி உடையவில்லை.

ஆனால், மரியா என்ற அக்கப்பலில் ஏறிப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. மாதக்கணக்கான கடற்பயணத்தில் அப்பெண்களுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. என்ன வேலை கொடுக்கலாம் என்று சங்கத்துப் பெண்கள் ஆலோசித்தார்கள். லண்டனிலிருந்த மான்செஸ்ரர் துணிக் கிட்டங்கிகளில் வெட்டி மிஞ்சிய நிறத்துணிகள் குவிந்து கிடந்தன. கேட்டதும் கொடுத்தார்கள். துண்டுத் துணிப் போர்வை தைப்பது அப்படித்தான் கைதிக் கப்பல்களின் வேலையாயிற்று.

பின்னாளில் இது ஒழுங்கான ஏற்பாடாக வளர்ந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை: அதில் வேதாகமம், மேலங்கி, கத்தரிக்கோல், விரலுறை, நூறு ஊசிகள், நிற நிறமான நூல், அதோடு இரண்டு இறாத்தல் துண்டுத் துணி. ஒரு இறாத்தல் பாண் இரண்டின் எடை என்று ரீச்சர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். பசியோடிருந்த எங்களுக்கு அந்த அளவு உடனே பிடிபட்டது. தைத்து முடித்த போர்வையைப் பெண்கள் வழித்துறைகளில் விற்கலாம். அல்லது அவுஸ்திரேலியாவில் இறங்கியதும் விற்று, தங்குமிடம் கிடைக்கும்வரை அந்தக் காசில் நிமிர்ந்து நிற்கலாம்.

ஏன் துண்டுத் துணி? எங்கள் வகுப்பில் வைத்தியம் படித்தவர்கள் இருவர். அந்த இருவரும் இதைப் பற்றி அடிக்கடி பேசிக்கொள்வோம். முழுத் துணியைக் கையில் கொடுத்தால், பழகாதவர் வெட்டப் பயப்படுவார். துண்டு பிழைத்தால் நட்டமில்லை. பிரித்துத் தைக்கலாம், எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். கப்பலின் நெருக்கத்தில் மடிமேல் வைத்துத் தைக்கலாம். இரண்டு துண்டுகளைப் பொருத்தச் சில நிமிடங்கள் போதும். முழுப் போர்வைக்கு மாதங்கள் வேண்டும். இன்று முடிகிற வேலையும், நாளைக்கு எழும்ப ஒரு காரணமும் ஒரே பையில் கிடைக்கின்றன. சிவப்புக்குப் பக்கத்தில் நீலமா மஞ்சளா என்று முடிவு செய்வதும் அவளே. வேறெதையும் முடிவு செய்ய உரிமையில்லாத ஒருத்திக்கு அது சிறிய விடயமல்ல.

இருபத்தைந்து ஆண்டுகளில் எலிசபெத்தும் தோழியரும் ஏறத்தாழ 106 கப்பல்களுக்குச் சென்று 12,000 வரையான பெண்களைச் சந்தித்ததாகச் சொல்லப்படுகிறது.

தோல்விகளும் தொண்டுகளும்

அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. 1818 இல் ஹரியற் ஸ்கெல்ரன் என்ற பெண் இங்கிலாந்து வங்கியின் கள்ளத் தாள்களை மாற்றியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்றாள். எலிசபெத் உள்துறை அமைச்சர் வரை போய் மன்றாடினார். அமைச்சரின் கோபத்தைச் சம்பாதித்ததுதான் மிச்சம், ஹரியற் தூக்கிலிடப்பட்டாள். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு ஊர்ப்பணி பார்க்கிறார் என்ற பேச்சும் அவரைத் தொடர்ந்தது. 1828 இல் கணவரின் வங்கி முறிந்தது. சபை கணவரை விலக்கியது. வங்கிப் பணம் எலிசபெத்தின் தருமத்துக்குப் போனதாக வதந்தி எழுந்தது. பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குப் போனார்கள். உள்ளதை இழந்து சிறிய இடத்துக்குப் போவதென்றால் என்னவென்று அதன்பின் அவருக்கும் தெரிந்தது.

அவர் ஓயவில்லை. 1820 இன் கடுங்குளிரில் வீடற்றோருக்கு லண்டனில் இரவுத் தங்குமிடம் திறக்க முன்னின்றார். பெண் கைதிகளைப் பெண்களே காவல் செய்ய வேண்டும் என்ற அவரது கோரிக்கை 1823 ஆம் ஆண்டுச் சிறைச்சட்டத்தில் இடம்பெற்றது. ஐரோப்பிய நாடுகளின் சிறைகளையும் போய்ப் பார்த்தார். 1840 இல் தாதியரைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் ஒன்றை லண்டனில் தொடக்கினார். புளோரன்ஸ் நைற்றிங்கேல் கிரிமியாப் போருக்குப் புறப்பட்டது அதற்குப் பதினான்கு ஆண்டுகளின் பின்னர் என்பதை எம் தாதித் தோழியர் நினைவில் கொள்ளலாம்.

றாஜா கப்பலின் போர்வை

அந்தப் பைகளிலிருந்து எத்தனையோ போர்வைகள் பிறந்திருக்கும். நாடுகடத்தப்பட்ட பெண்கள் கப்பலில் தைத்ததென்று உறுதியாகச் சொல்லி இன்று காட்டக்கூடியது ஒன்றுதான். 1841 ஏப்ரல் 5 இல் வூல்விச் துறையிலிருந்து 180 பெண் கைதிகளோடு றாஜா என்ற கப்பல் புறப்பட்டது. கெசியா ஹேற்றர் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண் அவர்களுக்குப் பொறுப்பாகச் சங்கத்தின் சார்பில் உடன் சென்றார். யூலை 19 இல் ஹோபாட் துறைமுகத்தை அடைந்தபோது 2,815 துண்டுகள் கொண்ட ஒரு போர்வை முடிந்திருந்தது. அகலமும் நீளமும் மூன்று மீற்றருக்கு மேல். நடுவிலே சீத்தையில் வெட்டியெடுத்துப் பொருத்திய பறவைகளும் பூக்களும். சுற்றிவரச் சட்டகம் சட்டகமாய்த் துண்டுத் துணி வரிசைகள்.

போர்வை தீவின் ஆளுநருடைய மனைவி ஜேன் பிராங்க்ளின் சீமாட்டிக்கு அளிக்கப்பட்டது. பின் அது எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாமற்போயிற்று. 1987 இல் ஸ்கொட்லாந்தில் ஒரு வீட்டின் மேல்மாடத்தில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கன்பெராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது. நூற்று நாற்பத்தாறு ஆண்டுகள் அது மறைந்திருந்தது.

போர்வையின் ஓரத்தில் எழுத்துகள் உண்டு. தையற்பொருள் தந்த சங்கத்துச் சீமாட்டிகளுக்கு நன்றி அதில் எழுதப்பட்டிருக்கிறது. தைத்த பெண்கள் ஒருவரின் பெயரும் இல்லை. நுண்ணிய தையலும் கோணிய தையலும் அருகருகே இருக்கின்றன; எது யாருடைய கை என்று இனி ஒருவரும் அறிய முடியாது. எலிசபெத் அம்மையாரை மதிக்கும் எங்களுக்கும் இது உறுத்தத்தான் செய்கிறது. கொடுத்தவரின் பெயர் நிற்பதும் செய்தவரின் பெயர் அழிவதும் எம் நாட்டிலும் நாம் கண்ட வழக்கம்.

1845 ஒக்ரோபர் 12 இல் எலிசபெத் பிறை ராம்ஸ்கேற்றில் காலமானார். பார்க்கிங்கில் நடந்த அடக்கத்தின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌனமாக நின்றார்கள். 2002 முதல் 2017 வரை புழக்கத்திலிருந்த ஐந்து பவுண் தாளில் அவரது படம் இருந்தது. லண்டன் தோழியர் எத்தனையோ முறை அதைக் கையில் வைத்திருப்பார்கள். ஹரியற் ஸ்கெல்ரன் எந்த வங்கியின் தாளுக்காகத் தூக்கிலேறினாளோ, அதே வங்கியின் தாள் அது.

எங்கள் கணக்கு

கடைசியில் சொல்வதாகச் சொன்ன காரணம் இதுதான். 2012 இல் எங்கள் வகுப்பினர் காசு சேர்த்து, மீள்குடியேறிய ஒரு கிராமத்துப் பெண்களுக்கு ஆறு தையல் இயந்திரங்கள் வாங்கிக் கொடுத்தோம். மாலை போட்டார்கள், படம் எடுத்தோம், வந்துவிட்டோம். 2015 இல் வேறு வேலையாக அவ்வழியே போனபோது விசாரித்தோம். நான்கு விற்கப்பட்டுவிட்டன. ஒன்று பழுது. ஒன்றைச் சேலையால் மூடி வைத்திருந்தார் ஒரு அம்மா. துணி வாங்கக் காசில்லை, தைத்தால் வாங்க ஆளில்லை, உங்களிடம் சொல்லலாமென்றால் நீங்கள் வரவில்லை என்று அவர் கோபமில்லாமல் சொன்னார். 1813 இல் உடுப்புக் கொடுத்துவிட்டுப் போன எலிசபெத்தின் இடத்தில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

அதன்பின் நாங்கள் கேட்கத் தொடங்கினோம். பெண்கள் சொன்னது குழந்தைப் போர்வை. துணி, கிளிநொச்சித் தையற்கடைகளின் வெட்டுத் துண்டுகள். வாங்குபவர்கள், பிள்ளைப்பேற்றுக்கு ஆயத்தமாகும் தாய்மார். மாதம் ஒரு தடவை எங்களில் ஒருவராவது போகிறோம். பெரிய தொழிலாக வளரவில்லை; நான்கு பெண்கள் செய்கிறார்கள், நிற்காமல் செய்கிறார்கள். ஒவ்வொரு போர்வையின் மூலையிலும் தைத்தவரின் பெயர் தைக்கப்பட்டிருக்கும். அது நாங்கள் வைத்த விதி. அவர்கள் கை உயர்த்தி ஏற்றது.

1996 இல் மரத்தடியில் நாங்கள் தைத்த விரிப்பு அடுத்த இடப்பெயர்வில் எங்கோ தொலைந்தது. அதைத் தைத்த இருபத்தாறு பேரின் பெயர்கள் எங்களுக்கு மறக்கவில்லை. அவர்களில் நால்வர் 2009 ஐத் தாண்டவில்லை. நூற்றாண்டு விழாவுக்காக அந்த விரிப்பை மீண்டும் தைக்கிறோம். நான்கு அங்குலச் சதுரம், அவரவர் பெயர் தைத்து, உலகின் எப்பகுதியிலிருந்தும் அனுப்பலாம். இருபத்திரண்டு பேரின் துண்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த நால்வரின் துண்டுகளை அவர்களின் அம்மாமாரிடமும் தங்கைமாரிடமும் போய்க் கேட்டோம். மூன்று கிடைத்துவிட்டன. நான்காவது பிள்ளையின் வீட்டில் அவளுடைய உடுப்பு ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் ரீச்சர் தம் பழைய சேலையிலிருந்து ஒரு சதுரம் வெட்டி, அவளின் பெயரைத் தாமே தைத்துத் தந்திருக்கிறார்.